ஏறிய மரபணுவும் பிழைத்த இறாலும்

சுங்கை காடுட் கடலோர ஊர் இல்லை. சுற்றிலும் செம்பனை, நடுநடுவே மிஞ்சிய பால்மரம், சிரம்பான் பக்கமிருந்து நெருங்கி வரும் தொழிற்பேட்டை. இறாலுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. நெகிரி செம்பிலானின் மலைப்பக்கம் ஜெலெபுவில் நன்னீர்க் குளங்களில் ஊடாங் காலா என்ற நன்னீர்ப் பெரிய இறால் வளர்கிறது. மறுபக்கம் போர்ட்டிக்சன் கடல், அதன் கரையில் தெலுக் கெமாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின ஆய்வுக்கழகம். நடுவே குடியிருந்துகொண்டு நன்னீர் இறால், உப்புநீர் இறால் இரண்டின் நோயையும் பார்ப்பது என் பிழைப்பு. இந்தப் பிழைப்பில் தீவனப் பொடி விற்பவர்களிடம் கேட்டுக் காது புளித்துப்போன ஒரு வாசகம் உண்டு: "எங்கள் பொடியைத் தீவனத்தில் கலந்தால் இறாலின் நோய் எதிர்ப்பு மரபணு இத்தனை மடங்கு ஏறும்." கூடவே ஒரு வரைபடமும் நீட்டப்படும். அந்த வரைபடம் பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் குளத்தில் இறால் பிழைக்குமா என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. மரபணு ஏறுவது, அதாவது அதன் செயல்பாடு கூடுவது, இறாலின் உடம்பு ஏதோ ஒன்றை உணர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். இந்த மரபணு அறிவை உண்மையாகப் பயன்படுத்த வேண்டிய இடம் தீவன வாளி இல்லை, தாய் இறாலைத் தேர்ந்தெடுக்கும் தொட்டி என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

இறாலின் உடம்பு நம் உடம்பைப் போல நோயைச் சமாளிப்பதில்லை. ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்து அதற்கென்று எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் அதற்குக் கிடையாது. செம்பு கலந்த நீலநிற இரத்தநீர் மூடிய குழாய்களுக்குள் ஓடாமல் உறுப்புகளை நனைத்தபடி திரிகிறது. அதில் மிதக்கும் இரத்த அணுக்களே காவல். அவை கிருமியை விழுங்கும், சூழ்ந்து முடிச்சுப்போடும், தம்முள் சேர்த்து வைத்திருக்கும் பொருள்களைக் கொட்டும். கிருமி வந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவை சில புரதங்கள். பாக்டீரியாவின் மேலோட்டிலுள்ள கொழுப்புச் சர்க்கரையையும் பூஞ்சையின் பீட்டா குளூக்கானையும் அவை பற்றிக்கொள்கின்றன. அதன்பின் நொதிகள் ஒன்றையொன்று தட்டியெழுப்பி, உறங்கிக்கிடந்த புரோபீனால்ஆக்ஸிடேஸை விழிக்கச் செய்கின்றன. அது மெலனினைச் செய்கிறது. காயம்பட்ட இறாலின் ஓட்டில் தெரியும் கறுப்புத் தழும்பு இதன் வேலைதான். இன்னொரு பக்கம் டோல், ஐஎம்டி, ஜாக்-ஸ்டாட் எனப்படும் செய்திப் பாதைகள் திறந்து, கிருமிக்கொல்லிச் சிறுபுரதங்கள் உற்பத்தியாகின்றன. பினெய்டின் என்ற வகையை 1997இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெனாமி என்ற உப்புநீர் இறாலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிரஸ்டின், ஏஎல்எஃப் என்பவையும் இதே வேலையைச் செய்பவை. வைரஸ் என்றால் அதன் ஆர்என்ஏ துண்டுகளைப் பிடித்து நறுக்கும் டைசர், ஆர்கோநாட் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. 2019இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட வெனாமி மரபுத்தொகுதியில் புரதம் செய்யும் மரபணுக்கள் 25,596. அவற்றில் காவல் வேலையில் ஏதோ ஒரு வகையில் கை வைப்பவை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இந்த மரபணுக்கள் வெறும் அலங்காரம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பாங்காக்கில் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2009இல், இன்னோர் உப்புநீர் இனமான புலி இறாலின் இரண்டு புரோபீனால்ஆக்ஸிடேஸ் மரபணுக்களை இரட்டை இழை ஆர்என்ஏ செலுத்தி அடக்கினார்கள். அடக்கிய இறால்கள் விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியாவுக்கு அதிகமாகப் பலியாயின. வெனாமியில் ஏஎல்எஃப் மரபணுவை அடக்கியபோதும் விப்ரியோவும் பூஞ்சையும் எளிதாக வென்றன. ஆக, இவை இல்லாவிட்டால் இறால் இல்லை. ஆனால் இந்தச் சோதனைகள் காட்டுவது, குறைந்தால் சாவு கூடும் என்பதை மட்டுமே. கூட்டினால் பிழைப்பும் கூடும் என்று அவை சொல்லவில்லை. பொடியோடு வரும் விற்பனைத் தாள்கள் இந்த இரண்டாவது முடிவைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்கின்றன. புரோபீனால்ஆக்ஸிடேஸ் ஓடும்போது பிறக்கும் குயினோன்கள் கிருமிக்கும் விஷம், இறாலுக்கும் விஷம். அதனால்தான் இறாலின் உடம்பே அந்த நொதித் தொடரைத் தடுத்து வைக்கும் புரதங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. எப்போதும் விழித்திருக்கும் காவலுக்கு உடம்பு கொடுக்கும் விலை வளர்ச்சி. தீவனக் கணக்கு எழுதும் யாருக்கும் அந்த விலை பெரியது.

இதைவிட ஆழமான காரணம் வெண்புள்ளி வைரஸில் இருக்கிறது. 1992 வாக்கில் கிழக்காசியாவில் தலைகாட்டி, ஓரிரு ஆண்டுகளில் இந்தியாவுக்கும் இந்தக் கரைக்கும் வந்து சேர்ந்த வைரஸ் அது. குளத்தில் புகுந்தால் மூன்றிலிருந்து பத்து நாளில் முழுக் குளத்தையும் துடைத்துப்போடும். அதன் தாக்குதலில் ஸ்டாட் மரபணு வேலை செய்வதைப் பார்த்தால், இறால் வைரஸை எதிர்க்கிறது என்றே யாரும் எடுத்துக்கொள்வார்கள். 2007இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டியது வேறு. வைரஸ் தன் முதல் மரபணுவை ஓட்டத் தொடங்குவதற்கு இறாலின் ஸ்டாட் புரதத்தையே பயன்படுத்திக்கொள்கிறது. இறால் தன் காவலுக்கென்று செய்த புரதத்தை ஏறி வந்த எதிரி தன் வேலைக்கு அமர்த்திக்கொண்டான். இறாலின் ராப்7 என்ற புரதமும் இப்படித்தான்: வைரஸின் மேலுறைப் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது, அந்த மரபணுவை அடக்கினால் தொற்று குறைகிறது. அதாவது ஒரு மரபணு ஏறியது என்ற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு அது இறாலின் பக்கம் நிற்கிறதா, வைரஸின் பக்கம் நிற்கிறதா என்று சொல்ல முடியாது. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஏறுகோடுதான்.

ஜெலெபுவின் ஊடாங் காலா இந்த வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. தமிழ்நாட்டில் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் ஹமீதும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, நன்னீர்ப் பெரிய இறாலுக்கு வெண்புள்ளி வைரஸைத் தாங்கும் திறன் இருப்பதைக் காட்டியது. புலி இறாலைச் சில நாளில் கொல்லும் அதே வைரஸ் இதைச் சாய்ப்பதில்லை. இத்தனைக்கும் இரண்டின் உடம்பிலும் டோல் உண்டு, கிரஸ்டின் உண்டு, ஏஎல்எஃப் உண்டு, புரோபீனால்ஆக்ஸிடேஸ் உண்டு, ஸ்டாட்டும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுபா பாசுவின் குழு இந்த இரண்டு இனங்களின் ஸ்டாட் மரபணு நடத்தையை ஒப்பிட்டுப் பார்த்ததற்குக் காரணமும் இந்தப் புதிர்தான் என்று நினைக்கிறேன். பட்டியலை எடுத்துவைத்தால் இரண்டு இறாலும் ஏறக்குறைய ஒரே ஆயுதங்களோடு நிற்கின்றன. எப்போது எடுக்கிறது, எந்தத் திசுவில் எடுக்கிறது, எவ்வளவில் நிறுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த நேர்த்தி பல தலைமுறையாக உருவாகி, பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு வருவது. தீவனத்தில் கலந்து அதைக் கொடுத்துவிட முடியும் என்று நம்ப எனக்கு எந்தச் சான்றும் அகப்படவில்லை.

மலேசியாவில் இறாலின் காவலைப் படிக்க வைத்த நோய், கல்லீரல்-கணையத்தை அழிக்கும் ஏஎச்பிஎன்டி. குளத்தோரத்தில் இன்றும் அதன் பழைய பெயரான இஎம்எஸ்தான் வாயில் வருகிறது. சீனாவில் 2009, வியட்நாமில் 2010, இங்கே அதே காலத்தில் பஹாங், ஜொகூர் கிழக்குக் கரையில் தொடக்கம். 2010இல் சுமார் 70,000 டன்னாக இருந்த நாட்டின் வெனாமி உற்பத்தி 2011இல் 40,000 டன்னுக்கு இறங்கியது. குஞ்சு விட்ட முதல் முப்பது நாளுக்குள் சாவு. அறுத்துப் பார்த்தால் கல்லீரல்-கணையம் வெளுத்துச் சுருங்கியிருக்கும், குடல் வெறுமையாக இருக்கும். 2013இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்ற பாக்டீரியாவே காரணம் என்று உறுதிசெய்தது. அதன் பிளாஸ்மிட் என்ற தனி மரபு வளையம் செய்விக்கும் பிர்ஏ, பிர்பி என்ற இரண்டு நச்சுகள்தான் கொல்பவை என்பது பிறகு தெளிந்தது. இங்கே இறாலின் காவல் எதிர்கொள்வது கிருமியை மட்டுமன்று, அது குடலுக்குள் கக்கிவிட்ட நஞ்சையும். கிருமிக்கொல்லிச் சிறுபுரதம் எத்தனை மடங்கு ஏறினாலும் கக்கிய நஞ்சு கக்கியதுதான். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2021இல், அமினோபெப்டிடேஸ் என்1 என்ற புரதத்தை இந்த நஞ்சு பற்றிக்கொள்வதையும், அந்த மரபணுவை அடக்கிய இறால்களில் சாவு குறைவதையும் காட்டினார்கள். எதிர்ப்பு மரபணு என்று யாரும் பட்டியலில் எழுதியிராத ஒரு செரிமானப் புரதம் இறாலின் உயிரைத் தீர்மானிக்கிறது. சுபா பாசுவின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது மடகாஸ்கர் புலி இறாலையும் மலேசியப் புலி இறாலையும் சேர்த்த கலப்பு இனம், இந்த நோயைத் தாங்குவது. அதன் கல்லீரல்-கணையத்தில் எந்தெந்த மரபணுக்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் தாங்கும் இறால், அதன் பிறகு மரபணு. தாங்குவதை உண்டாக்கியது கலப்பு; மரபணுப் பட்டியல் அதன் காரணத்தைத் தேடும் வேலை. விற்பனைத் தாள் இதைத் தலைகீழாக நிறுத்துகிறது.

என் முடிவுக்கு முதல் மறுப்பு, இந்தப் பொடிகளில் இருக்கும் பீட்டா குளூக்கான் போன்றவற்றைத் தின்ற இறால்கள் சோதனைத் தொட்டியில் உண்மையாகவே கூடுதலாகப் பிழைத்திருக்கின்றனவே என்பது. ஆம், அப்படிப்பட்ட முடிவுகள் நிறைய உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் சுத்தம், உயிர்வளி போதுமானது, இறால் எண்ணிக்கை சொற்பம், கிருமி ஒரே ஒரு நாள் ஒரே அளவில் ஊசியாகவோ குளிப்பாட்டலாகவோ வருகிறது. பொடி கொடுத்த நாளும் கிருமி வரும் நாளும் ஆய்வாளர் கையில். குளத்தில் விடியற்காலை உயிர்வளி இறங்குகிறது, அடியில் கறுப்புச் சேறு கட்டுகிறது, மழை பெய்தால் உப்பளவு விழுகிறது, சட்டை உரிக்கும் இரவில் இறால் பலவீனப்படுகிறது, கிருமி எந்நேரமும் இருக்கிறது. தூண்டுதல் சில நாளில் அடங்கிவிடும். விடாமல் கொடுத்தால் பயன் மங்குவதையும் ஆய்வுகளே சொல்கின்றன. உப்பு மாற்றத்துக்கு முன்போ குஞ்சு இடம் மாறும்போதோ குறிவைத்துச் சில நாள் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விதையிலிருந்து அறுவடைவரை தினமும் கொட்டிவிட்டு, மரபணு ஏறியிருக்கும் என்று காற்றூட்டியை நிறுத்தி மின்கட்டணம் மிச்சம்பிடிப்பதைத்தான் எதிர்க்கிறேன். அப்படிச் செய்வோர் உண்டு.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கூர்மையானது: தடுப்பூசி போன்ற ஒன்று சாத்தியமில்லையா? 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெண்புள்ளி வைரஸின் விபி28 புரதத்தைத் தீவனம் வழியாகப் புலி இறாலுக்குக் கொடுத்துப் பாதுகாப்பு கிடைப்பதைக் காட்டினார்கள். அது நெடுநாள் நிற்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில், இரட்டை இழை ஆர்என்ஏ வெனாமிக்கு வைரஸிடமிருந்து பாதுகாப்புத் தருவது வெளியாயிற்று. இது உண்மையான நம்பிக்கை, நான் ஆவலோடு கவனிக்கும் துறை. ஒவ்வோர் இறாலுக்கும் ஊசி போட முடியாது. தீவனத்தில் கொடுத்தால் அந்த ஆர்என்ஏ தண்ணீரிலும் குடலிலும் சிதையாமல் போய்ச்சேர வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் குளத்துக்கு இறங்கவில்லை. இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. புலி இறாலின் மரபுத்தொகுதிக்குள்ளேயே ஐஎச்எச்என் என்ற இன்னொரு இறால் வைரஸின் துண்டுகள் செருகிக்கிடக்கின்றன. அந்தத் துண்டால், கிருமியின் மரபுத்துணுக்கைத் தேடும் பிசிஆர் சோதனை நோய் இல்லாத இறாலையும் நோயாளி என்று சொல்லிவிடும். பொரிப்பகத்தில் நல்ல தாய்களை இப்படி வீணாகக் கழித்துவிடக்கூடும். தாய்லாந்தில் பணிபுரிந்த டிமத்தி ஃபிளெகல், இப்படிச் செருகிய துண்டுகளே வைரஸை அடக்கும் ஆர்என்ஏவைத் தந்து, அந்தப் பாதுகாப்பைச் சந்ததிக்கும் கடத்துகின்றன என்று நெடுநாளாக வாதிட்டவர். அவர் சொன்னது எந்த அளவு பொருந்துகிறதோ அந்த அளவுக்கு, பாதுகாப்பு மறுபடியும் தாய் தந்தையிடமே போய் நிற்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கேட்கும் மறுப்பு வேறு, அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். செம்பனையில் கொட்டையின் ஓட்டுக் கனத்தை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. தடித்த ஓட்டு டூராவையும் ஓடில்லாத பிசிஃபெராவையும் சேர்த்தால் மெல்லிய ஓட்டு டெனெரா. எண்ணெய் முப்பது விழுக்காடு வரை கூடுதல். அந்த மரபணுவை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் கண்டார்கள், இன்று இலைத் துணுக்கை வைத்தே நாற்று எந்த வகை என்று சொல்லிவிட முடிகிறது. செம்பனையில் முடிந்தது இறாலில் ஏன் முடியாது? முடியாததற்கு இரண்டு காரணம். கொட்டையின் ஓடு யாரோடும் சண்டையிடுவதில்லை. நோய் எதிர்ப்பு சண்டையிடுகிறது, எதிரியும் மாறிக்கொண்டே இருக்கிறான். எக்குவடோரின் தாவுரா ஆற்றுப் பகுதியில் 1992இல் கிளம்பிய தாவுரா வைரஸுக்குத் தாக்குப்பிடிக்கும் வெனாமிக் குடும்பங்களை அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்து வெற்றி கண்டார்கள். பின்னர் பெலீஸில் புதிய வைரஸ் வகை வந்தபோது அந்தக் குடும்பங்களே அடிவாங்கின. இரண்டாவது காரணம், எதிர்ப்பு என்பது பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தருவது. கொலம்பியாவில் 2000களின் நடுவில் செய்த கணக்கெடுப்பில், வெண்புள்ளி எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பங்கு சிறிதாகவே இருந்தது. எதிர்ப்பு கூடிய குடும்பங்கள் வளர்ச்சியில் பின்தங்கவும் செய்தன. தாவுரா தேர்விலும் இதே இழுபறி. ஒற்றை மரபணு அதிசயத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ஆனால் சிறிய பங்கு என்பது பூச்சியம் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.

என் வாதத்தையே அசைக்கக்கூடிய மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. தாங்கும் இறால் கிருமியைக் கொல்வதில்லை, சாகாமல் சுமக்கிறது. ஊடாங் காலா வெண்புள்ளி வைரஸைச் சுமந்து பக்கத்துப் புலி இறால் குளத்துக்குக் கொடுத்துவிட முடியும். தாங்கும் குடும்பங்களைப் பரப்பினால் வைரஸையும் சேர்த்துப் பரப்பமாட்டோமா? இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் தேர்வுச் சோதனையில் பிழைத்த இறாலையே தாயாக வைத்துக்கொள்ளக் கூடாது. கிருமி பட்ட எதுவும் தாய்த் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. ஒரு குடும்பத்தின் உடன்பிறந்த குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறு கட்டடத்தில் கிருமிக்குக் காட்டி, தொடாத மறுபாதியிலிருந்து தாய்களை எடுப்பதே முறை. ஆனால் இந்த முறையில் பெரிய குறை உண்டு. எந்தக் குடும்பம் நல்லது என்று தெரியும். அந்தக் குடும்பத்துக்குள் நூறு உடன்பிறப்புகளில் எது நல்லது என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண். பாதி வாய்ப்பு வீணாகிறது.

மரபணு அறிவு தன் செலவுக்கு ஈடு கட்டும் இடம் இதுதான். கிருமிக்குக் காட்டிய பாதியில் பிழைத்தவை, செத்தவை இரண்டின் மரபுக்குறிகளையும் படித்து, எந்தக் குறிகள் பிழைப்போடு சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டு, தொடாத பாதியில் ஒவ்வோர் இறாலுக்கும் தனி மதிப்பெண் போடலாம். எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. கொலம்பிய வெனாமியில் வெண்புள்ளிக்கு இப்படிச் செய்து, குடும்பத்தை மட்டும் பார்க்கும் தேர்வைவிடப் பிழைப்பு கூடியதை 2020இல் வெளியிட்டார்கள். இரண்டு குளம் வைத்திருப்பவரால் இதைச் செய்ய முடியாது. கெடாவில் பூலாவ் சாயாக்கில் மீன்வளத் துறை நடத்துவது போன்ற அரசு நிலையமும், தெலுக் கெமாங், மலாயா போன்ற பல்கலைக்கழகக் கூடங்களும் சேர்ந்தால்தான் மலேசியப் புலி இறாலுக்கும் ஊடாங் காலாவுக்கும் இப்படி ஒரு தாய்ச் சந்ததியைக் கட்ட முடியும். கட்டுவதற்குப் பல ஆண்டு பிடிக்கும். அதுவரை தண்ணீர், சேறு, உயிர்வளி, சுத்தமான குஞ்சு என்ற பழைய வேலைகளுக்கு விடுமுறை கிடையாது. குளம் வைத்திருப்பவர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குஞ்சு வாங்கும்போது பிசிஆர் தாளோடு நிற்காமல், இந்தத் தாயின் குடும்பம் எந்தக் கிருமிக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது, அதில் எத்தனை விழுக்காடு பிழைத்தது என்று பொரிப்பகத்தைக் கேட்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டும் பொரிப்பகத்தில் குஞ்சுக்குச் சில காசு கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. பொடிக்குப் போகும் பணத்தை அங்கே திருப்பிவிட்டால் போதும்.